மூன்று மலை, ஓர் ஊர்: செஞ்சியில் தங்கிப் பாருங்கள்!

பிரெஞ்சு அழகைத் தேடிப் புதுச்சேரிக்கு விரைகிறோம். பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்து, பதினோரு ஆண்டுகள் விடாமல் வைத்திருந்த மலைக்கோட்டை நகரை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. உலக மரபுச் சின்னமாகிவிட்ட செஞ்சி, அரை நாளில் ஏறி இறங்கிவிட்டுப் போகிற இடமல்ல.

சனிக்கிழமை காலையில் சென்னைப் பாலவாக்கத்தில் ஈ.சி.ஆர். என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடந்து கடற்கரைப் பக்கம் போவது பெரும்பாடு. கொட்டிவாக்கத்திலிருந்து நீலாங்கரை வரை வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு தெற்கே போகும். பாதி மாமல்லபுரத்துக்கு, மீதி புதுச்சேரிக்கு. மஞ்சள் சுவர்கள், காகிதப்பூ கவிந்த வாசல்கள், குரோசான் மணக்கும் பேக்கரிகள், மாலைக் கடற்காற்று என்று புதுச்சேரியில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவது இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பழகிப்போன விடுமுறை.

கொஞ்சம் வசதி கூடியவர்கள் பிரான்ஸுக்கே போய்வருகிறார்கள். அவர்கள் காட்டும் படங்களில் மயக்குவது பாரிஸ் அல்ல, கிராமப்புறத்தின் மலையுச்சி ஊர்கள்தான். குன்றைச் சுற்றி மதில், மதிலுக்குள் கல் பாவிய தெரு, தெருவின் முடிவில் தேவாலயம், கீழே கண்ணுக்கெட்டிய தூரம்வரை வயல். கோர்த் சுர் சியல், கார்க்கசோன், வெஸ்லே போன்ற ஊர்களில் ஒரு வாரம் தங்கி, காலையில் சந்தைக்கும் மாலையில் மதில்மேல் உலாவவும் போவதற்காகவே உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் வருகிறார்கள்.

அப்படியொரு இடைக்கால மலைக்கோட்டை நகரம் பாலவாக்கத்திலிருந்து மூன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. 2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய யுனெஸ்கோவின் உலக மரபுக் குழு, 'மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்' என்ற தலைப்பில் 12 கோட்டைகளை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளன. பன்னிரண்டாவது, விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி.

பட்டியலில் இடம் கிடைத்ததும் செய்தித்தாள்கள் கொண்டாடின. ஆனால் பெரும்பாலோர் செஞ்சியைப் பார்க்கும் விதம் மாறவில்லை. திருவண்ணாமலைக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி, கல்யாண மகால் முன்னால் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். செஞ்சி ஒரு காலத்தில் தலைநகரமாக இருந்த ஊர். ஓர் ஊரை அறிய அதில் ஓர் இரவாவது தூங்கி எழ வேண்டும்.

கடலோரமாகவே போகலாம்

சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு, மதுராந்தகம், அச்சிறுபாக்கம், திண்டிவனம் என்று போய்ச் செஞ்சியை அடைவதே எல்லோரும் அறிந்த வழி. ஈ.சி.ஆர். வாசிகளுக்கு அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. வீட்டு வாசலில் ஓடும் சாலையிலேயே மாமல்லபுரம், கல்பாக்கம் தாண்டி மரக்காணம் வரை சென்று, அங்கே மேற்கே திரும்பினால் திண்டிவனம். அங்கிருந்து 28 கிலோமீட்டரில் செஞ்சி.

வரலாறும் இந்த வழியோடு ஒட்டியே வருகிறது. கடப்பாக்கத்துக்கு அருகே கழிமுகத்தை ஒட்டிச் சிதைந்து நிற்கிறது ஆலம்பரைக் கோட்டை. முகலாயர் காலத்தில் எழுந்த அந்தக் கடற்கோட்டை, 1750-ல் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டது. அதே 1750-ல்தான் அவர்கள் செஞ்சியையும் கைப்பற்றினார்கள். இந்தச் சாலையில் பாதி நாள் பயணம் செய்தாலே, பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழ் மண்ணுக்காக இரண்டு ஐரோப்பிய வணிகக் கும்பினிகள் மோதிய களத்தை நேரில் பார்த்துவிடலாம். ஆலம்பரையை 1760-ல் ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். உடைந்த செங்கல் மதில்மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் கழி, மறு பக்கம் கடல். அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போவது நல்லது.

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டித் திண்டிவனம் வந்து, அங்கிருந்து நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் வயல்களுக்கு நடுவே போகும்போது, திடீரென்று வானத்தில் பாறைக் குவியல்கள் எழுகின்றன. உருண்டைப் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தாற்போன்ற குன்றுகள். அவற்றின் முதுகில் கோடு கிழித்தது போல் மதில் ஏறி இறங்குவது கண்ணில் படும்போது செஞ்சி வந்துவிட்டது.

ஆட்டுச் சந்தையும் ஆனந்தக் கோனும்

வெள்ளிக்கிழமைக்கு முந்தைய மாலையே செஞ்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட முடிந்தால் நல்லது. வெள்ளிதோறும் கூடும் வாரச்சந்தை இந்த ஊரின் உயிர்நாடி. விடிவதற்கு முன்பே சுற்றுவட்டாரத்து ஆடுகள் வந்து குவியும். பொங்கல், பக்ரீத் சமயத்தில் வெளி மாவட்ட வியாபாரிகளும் திரண்டுவிடுவார்கள். நெல் அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் முன்னால் மூட்டை ஏற்றிய வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஊரல்ல இது. தன் விளைச்சலில் தானே நிற்கும் ஊர். தங்குகிறவர்களுக்கு அதுவே பெரிய சுகம்: யாரும் உங்களை இழுத்து எதையும் விற்கமாட்டார்கள்.

அந்த ஆட்டுச் சந்தையைப் பார்த்துவிட்டுக் கோட்டைக்குப் போனால் அதன் முதல் கதை சட்டென்று புரியும். ஆடு மேய்த்த குடியில் வந்த ஆனந்தக் கோன் 1200-ஐ ஒட்டி இங்கே முதல் கோட்டையை எழுப்பினார் என்பது மரபு. அவருக்குப் பின் வந்த கிருஷ்ணக் கோன் வடக்கு மலையை அரண் செய்ததால் அது கிருஷ்ணகிரி ஆயிற்று என்கிறார்கள். ஆயர்குடி தொடங்கிவைத்த கோட்டையைப் பிறகு விஜயநகரமும் நாயக்கர்களும் பெருக்கினார்கள். பீஜப்பூர் சுல்தானியம், மராட்டியர், முகலாயர், ஆர்க்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று அடுத்தடுத்துப் பலர் கைக்கு அது போனது. தென்னிந்தியாவில் இத்தனை கொடிகள் மாறிமாறிப் பறந்த மலைகள் அரிது.

ஊரில் தங்குவதற்குப் பேருந்து நிலையத்தைச் சுற்றி லாட்ஜுகள் இருக்கின்றன. சுத்தமான, எளிய அறைகள். மாலையில் கடைத்தெருவில் சுடச்சுட இட்லி, தோசை, வண்டியில் வேகவைத்த மல்லாட்டை. இரவு ஒன்பது மணிக்குமேல் கடைத்தெரு அடங்கிவிடும். ஈ.சி.ஆரின் இரைச்சலுக்குப் பழகிய காதுகளுக்கு அந்த அமைதியே தனி ஓய்வு.

ராஜகிரி ஏறுதல்

செஞ்சிக் கோட்டை என்பது ஒரு மலையில் கட்டிய ஒரு கோட்டை அல்ல. மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி என்று மூன்று குன்றுகள் முக்கோணமாக நிற்கின்றன. மூன்றுக்கும் தனித்தனி அரண். மூன்றையும் இணைத்துக் கீழே தரையில் ஓடும் மதில்கள். மதில்களின் மொத்த நீளம் சுமார் 13 கிலோமீட்டர். சில இடங்களில் அதன் தடிமன் 60 அடி. முக்கோணத்துக்கு நடுவே இருந்ததுதான் நகரம். இன்று திண்டிவனம் – திருவண்ணாமலை நெடுஞ்சாலை அந்தப் பழைய நகரத்தின் ஊடாகவே ஓடுகிறது. பேருந்தில் போகிற ஆயிரக்கணக்கானோர் தினமும் ஒரு தலைநகரத்தைக் குறுக்கே கடக்கிறார்கள்.

ராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 800 அடி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கற்படிகள். கோட்டை திறந்ததும் ஏறத் தொடங்கிவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கருங்கல் அடுப்பாகிவிடும். பாதி வழியில் கமலக்கண்ணி அம்மன் சந்நிதி. ராஜகிரியின் பழைய பெயர் கமலகிரி. இங்கே ஆண்ட அத்தனை அரசுகளும் போய்விட்டன, அம்மன் மட்டும் இருக்கிறாள். சுற்று ஊர்களின் மக்கள் இன்றும் பொங்கல் வைக்க மலையேறி வருகிறார்கள். கோட்டை அவர்களுக்குத் தொல்பொருள் அல்ல, குலதெய்வத்தின் வீடு.

ஒரு வாயில், அதற்குமேல் இன்னொரு வாயில் என்று ஏறிக்கொண்டே போனால், உச்சிக்குச் சற்று முன்னால் வழி அறுந்துவிடுகிறது. பாறை பிளந்து ஆழமான பிளவு. இயற்கையாக இருந்த அந்தப் பிளவை மேலும் ஆழமும் அகலமும் ஆக்கி, அதன்மேல் ஒரு சிறு மரப்பாலம் மட்டும் போட்டிருந்தார்கள். முற்றுகை வந்தால் பாலத்தை எடுத்துவிட்டால் போதும், உச்சிக் கோட்டை தனித் தீவாகிவிடும். சிலர் நின்றால் ஒரு படையையே தடுக்கலாம். இன்றும் பாலத்தைக் கடந்துதான் உச்சிக்குப் போக வேண்டும். கீழே குனிந்து பார்க்கும்போது, இதைத் திட்டமிட்டவனின் மூளை நம்மைத் திகைக்க வைக்கிறது.

உச்சியில் ரங்கநாதர் கோயில், களஞ்சியம், மணிக்கூண்டு, ஒரு பழைய பீரங்கி. சுற்றிலும் எல்லாத் திசையிலும் ஏரி, வயல், குன்று. பகைவன் எந்தப் பக்கம் வந்தாலும் ஒரு நாள் முன்னதாகவே தூசி தெரிந்திருக்கும். இந்த உயரத்திலும் தண்ணீர் தேங்கும் சுனைகள் இருப்பதுதான் கோட்டையின் உயிர். மதிலைக் கட்டியவர்கள் தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் மதிலுக்கு இடம் குறித்திருக்கிறார்கள்.

அடிவாரத்து நகரம்

இறங்கி வந்ததும் கிளம்பிவிடாதீர்கள். கீழ்க்கோட்டைக்கு ஒரு பிற்பகல் முழுவதும் தேவை. கல்யாண மகால்தான் செஞ்சியின் முகம். சதுர முற்றம், சுற்றிலும் அறைகள், நடுவே கூம்பாக எழும் எட்டு நிலைக் கோபுரம். மேல்நிலைகளுக்கு மண்குழாய்கள் வழியே தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். பக்கத்தில் நெற்களஞ்சியங்கள், குதிரை லாயம், உடற்பயிற்சிக் கூடம், யானைக் குளம், சக்கரக் குளம், செட்டிக் குளம். களஞ்சியத்துக்குள் நின்று அதன் கூரையை அண்ணாந்து பார்த்தால், இங்கே எத்தனை பேர் எத்தனை மாதம் சாப்பிடச் சேர்த்துவைத்தார்கள் என்ற வியப்பு வரும்.

நாயக்கர் காலத்தில்தான் செஞ்சி நகரமாகத் தழைத்தது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஜயநகரத்தின் பிரதிநிதிகளாக இங்கே வந்தவர்கள் செஞ்சி நாயக்கர்கள். மதுரை, தஞ்சை நாயக்கர்களைப் பேசுகிற அளவுக்கு இவர்களை நாம் பேசுவதில்லை. 1597-ஐ ஒட்டி இங்கே வந்த ஏசு சபைப் பாதிரியார் பிமென்டா, தாம் இந்தியாவில் பார்த்தவற்றில் மிகப் பெரிய நகரம் இது என்றும், போர்ச்சுக்கலில் லிஸ்பன் நீங்கலாக இதைவிடப் பெரிய நகரம் இல்லை என்றும் எழுதிவைத்தார். இன்று வேலிமரமும் கல்லும் கிடக்கிற அந்த வெளியில் கடைத்தெருக்களும் மாளிகைகளும் இருந்தன.

அந்தக் காலத்தின் பெருஞ்சாட்சி, முத்தியாலு நாயக்கர் கட்டிய வேங்கடரமணர் கோயில். கோபுர வாயிலில் இராமாயணமும் பாற்கடல் கடைந்த கதையும் புடைப்புச் சிற்பங்களாக இருக்கின்றன. உள்ளே போனால் மண்டபங்களில் தூண் இருக்க வேண்டிய பல இடங்கள் வெறுமையாக இருக்கும். அந்தத் தூண்கள் எங்கே என்று அறிய, புதுச்சேரிக் கடற்கரைக்குப் போக வேண்டும். காந்தி சிலையைச் சுற்றி நெடிதுயர்ந்து நிற்கும் வேலைப்பாடமைந்த கல்தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்களால் கொண்டுபோகப்பட்டவை. அங்கே நின்று படமெடுத்துக்கொள்ளும் நாம் ஒவ்வொருவரும் செஞ்சியின் ஒரு துண்டைப் பார்த்திருக்கிறோம்.

கோயிலிலிருந்து சற்று நடந்தால் சாதத்துல்லா கான் மசூதி. 1717–18-ல் கட்டப்பட்டது. அருகிலேயே மகபத் கான் மசூதியும் உண்டு. கோயில், மசூதி, அரண்மனை, களஞ்சியம், குளம் எல்லாம் ஒரே மாலை வெளிச்சத்தில் நிற்கிற இடம் இது.

எட்டு ஆண்டு முற்றுகை

செஞ்சி யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது மராட்டியத் தொடர்பால். 1677-ல் தெற்கே படையெடுத்து வந்த சிவாஜி, பீஜப்பூர் சுல்தானியத்திடமிருந்து இதைக் கைப்பற்றி அரண்களை வலுப்படுத்தினார். அவர் செய்த அந்த ஏற்பாடு, அவர் மறைந்த பிறகு அவர் அரசையே காப்பாற்றியது. மகன் சம்பாஜியை 1689-ல் ஔரங்கசீப் கொன்றபின், இளைய மகன் ராஜாராம் மாறுவேடத்தில் தப்பித் தெற்கே ஓடிவந்து அதே ஆண்டின் இறுதியில் செஞ்சியை அடைந்தார். அன்றிலிருந்து மராட்டிய அரசின் தலைநகரம் செஞ்சி.

ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-ல் முற்றுகையிட்டார். மூன்று மலைகளையும் ஒருசேர வளைக்க அவரிடம் போதிய ஆட்கள் இல்லை. கோட்டைக்குள் தானியமும் தண்ணீரும் இருந்தன. மழைக் காலம் முகலாயப் பாளையத்தை நோயில் தள்ளியது. மராட்டியக் குதிரைப்படை வெளியிலிருந்து வந்து தானிய வண்டிகளை மறித்தது. இப்படியே எட்டு ஆண்டுகள். 1698-ன் தொடக்கத்தில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் அதற்குள் வேலூருக்குத் தப்பிவிட்டிருந்தார். ஔரங்கசீப் கைப்பற்றியது கல்லை. அரசு கைநழுவிப் போயிற்று. இந்தியாவின் வலிமைமிக்க பேரரசை ஒரு தமிழ்நாட்டுக் குன்று எட்டு ஆண்டுகள் கட்டிப்போட்டது என்பதை நம் பிள்ளைகளின் பாடநூல்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

தேசிங்கின் ஒரே போர்

முகலாயர்கள் கோட்டையைப் புந்தேல ராஜபுத்திரரான சொரூப் சிங் பொறுப்பில் விட்டார்கள். அவர் மகன் தேஜ் சிங்தான் நம் தேசிங்கு ராஜா. தந்தை இறந்ததும் பதவிக்கு வந்த அந்த இளைஞனிடம் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கியைக் கேட்டார். தேசிங்கு மறுத்தார். 1714 அக்டோபர் 3 அன்று சில நூறு குதிரை வீரர்களோடு பெரும்படையை எதிர்த்து நின்று மாண்டார். அவர் ஆண்டது சில மாதங்களே. ஆனால் தெருக்கூத்தும் நாட்டுப்புறக் கதைப்பாடலும் அவரை விடவில்லை. குதிரை நீலவேணியும், மணப்பந்தலிலிருந்து போர்க்களத்துக்கு ஓடிவந்து உயிர்விட்ட முஸ்லிம் நண்பன் மகபத் கானும் தமிழ்நாட்டு மேடைகளில் இன்னும் வாழ்கிறார்கள். 1960-ல் எம்.ஜி.ஆர். நடிக்க 'ராஜா தேசிங்கு' படமாகவும் வந்தது. வென்ற நவாபின் பெயர் மசூதிக் கல்வெட்டில் இருக்கிறது. தோற்ற தேசிங்கின் பெயர் மக்கள் வாயில் இருக்கிறது.

பிரெஞ்சு இரவு

1750 செப்டம்பர். புதுச்சேரியில் ஆளுநர் துப்ளே. கர்நாடக நவாப் பட்டத்துக்கும் ஐதராபாத் நிசாம் பட்டத்துக்கும் நடந்த வாரிசுப் போர்களில் கைவைத்து, தென்னிந்தியாவையே பிரெஞ்சு ஆதிக்கத்துக்குள் கொண்டுவரக் கனவு கண்டவர். அவருடைய படைத்தலைவன் புசி, செஞ்சி வாயிலை இரவில் வெடிவைத்துப் பிளந்து உள்ளே புகுந்தார். விடிவதற்குள் மூன்று மலைகளும் பிரெஞ்சு வசம். சுல்பிகர் கானுக்கு எட்டு ஆண்டு பிடித்த வேலை ஒரே இரவில் முடிந்தது. பகல் வெளிச்சத்தில் அந்தப் பாறைகளையும் மதில்களையும் பார்த்த பிரெஞ்சு வீரர்களே, இதையா நாம் பிடித்தோம் என்று வியந்தார்களாம். அதே ஆண்டு டிசம்பரில் நிசாம் நாசிர் ஜங் செஞ்சிக்கு அருகே தம் பக்கத்து நவாப் ஒருவராலேயே கொல்லப்பட, துப்ளேயின் கை உச்சத்துக்குப் போனது.

இந்த நாட்களையெல்லாம் தமிழில் எழுதிவைத்த ஒருவர் இருந்தார். சென்னை பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரியில் துப்ளேயின் தலைமைத் துபாஷியாக உயர்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு, ஐரோப்பியப் போட்டியை நம் மொழியில் உள்ளிருந்து பார்த்த அரிய ஆவணம். செஞ்சிக்குப் போகுமுன் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போனால், மலையடிவாரத்தின் புதுச்சேரி வாயிலில் நிற்கும்போது அந்தக் காலம் காதில் கேட்கும்.

1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. செஞ்சி ஏப்ரல் வரை தாக்குப்பிடித்தது. அதன்பின் 1780-ல் ஹைதர் அலி கைப்பற்றினார். அந்தப் போரும் ஓய்ந்தபின் கோட்டைக்கு இராணுவ மதிப்பு போய்விட்டது. மக்கள் வெளியேற, நகரம் காடாயிற்று. 1921-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னமாக அறிவிக்கப்பட்டுத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் வந்தது.

இரண்டாம் நாள்

ஓர் இரவு தங்குகிறவருக்குத்தான் இரண்டாம் நாள் கிடைக்கும். காலையில் கிருஷ்ணகிரி. ராஜகிரியைவிட எளிதான ஏற்றம். பாறையைக் குடைந்து எண்ணெய்க்கும் நெய்க்கும் கட்டிய கிணறுகள், உச்சியில் குவிமாடம் கொண்ட ஒரு சபை மண்டபம். அதன் சாளரத்தருகே உட்கார்ந்தால் வீசும் காற்றுக்காகவே ஏறலாம்.

வெயில் தாழ்ந்ததும் ஊருக்கு வடக்கே திருநாதர்குன்று. ஒரே பாறையில் 24 சமணத் தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். அருகே 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்துறந்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு. கோட்டை எழும்புவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தக் குன்றுகளில் துறவிகள் வாழ்ந்தார்கள் என்பதற்கு இது சான்று. அந்த மரபு அறுந்துவிடவும் இல்லை. திண்டிவனம் பக்கம் மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் இயங்குகிறது.

சிங்கவரத்தில் பாறையைக் குடைந்து வடித்த பள்ளிகொண்ட ரங்கநாதர், தேசிங்கின் குலதெய்வம். போருக்குப் போகாதே என்று பெருமாள் தடுத்தும் தேசிங்கு கேட்காததால் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஊரார் சொல்வார்கள். விழுப்புரம் சாலையில் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்ம பல்லவன் கல்வெட்டில் பெருமிதத்தோடு பொறித்துவைத்த குடைவரை அது. மாமல்லபுரத்துக் கற்கோயில்களுக்கெல்லாம் மூத்தது. அமாவாசை நாளாக இருந்தால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும்.

பிரான்ஸ் செய்தது, நாம் செய்ய வேண்டியது

பிரான்ஸின் மலையூர்கள் தானாக அழகாகிவிடவில்லை. கார்க்கசோன் கோட்டையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இடித்துக் கல்லை விற்கவே அரசு ஆணையிட்டது. உள்ளூர் வரலாற்றறிஞர் ழான் பியேர் க்ரோ மேர்வியேய் போராடியதால் அது நின்றது. 1853-லிருந்து கட்டடக் கலைஞர் வியோலே லெ துக் அதை மீட்டெடுத்தார். 1997-ல் உலக மரபுச் சின்னமாயிற்று. 1222-ல் தூலூஸ் பிரபு நிறுவிய கோர்த் ஊரும் ஒரு காலத்தில் வேலைதேடி மக்கள் வெளியேறியதால் காலியாகிக் கிடந்ததுதான்.

அங்கே ஊர்களைத் தூக்கி நிறுத்தியது நட்சத்திர ஓட்டல்கள் அல்ல. 1951-ல் ஆல்ப்ஸ் பகுதியில் தொடங்கிய ஒரு சிறு முயற்சி: விவசாயிகள் தங்கள் வீட்டில் வெறுமையாகக் கிடந்த கட்டடத்தைப் பழுதுபார்த்து, நகரத்துக் குடும்பங்களுக்கு விடுமுறை வாடகைக்கு விட்டார்கள். 1955-ல் அது தேசிய அமைப்பாயிற்று. வருமானம் ஊர்க்காரர் கைக்கே போனது; வீடுகள் இடியாமல் நின்றன. 1982-ல் கோலோன்ழ் லா ரூழ் ஊரின் மேயர் ஷார்ல் செய்ராக் முயற்சியில் 'பிரான்ஸின் மிக அழகிய கிராமங்கள்' சங்கம் உருவாயிற்று. 2,000 பேருக்குமேல் இல்லாத, பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் இரண்டாவது உள்ள ஊர்கள்தான் அதில் சேர முடியும்.

செஞ்சியில் இதைச் செய்ய முடியும். முதலில், கோட்டைக் கதவை விடியற்காலை ஆறு மணிக்கே திறக்க வேண்டும். வெயில் சுடும் ஊரில் வெயில் ஏறிய பிறகு மலையேறச் சொல்வது முதியவர்களையும் குழந்தைகளையும் வெளியே நிறுத்துவதற்குச் சமம். இரண்டாவது, செஞ்சியிலும் சுற்றுக் கிராமங்களிலும் நல்ல வீடு வைத்திருப்பவர்கள் விருந்தினரைத் தங்கவைக்க அரசு ஊக்கமும் பயிற்சியும் தர வேண்டும். மூன்றாவது, வரலாறு படித்த உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாக்க வேண்டும். நாயக்கர் காலத்தையும் பிரெஞ்சு இரவையும் தம் ஊர்க் கதையாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். நான்காவது, கோட்டை, திருநாதர்குன்று, சிங்கவரம், மண்டகப்பட்டு ஆகியவற்றை இணைத்து ஒரு பேருந்து ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வட்டாரத்துக் குன்றுகளைக் கல்குவாரிகளிடமிருந்து காப்பாற்ற வேண்டும். மரபுச் சின்னம் மதிலோடு முடிவதில்லை. சுற்றியுள்ள குன்றுகளும் ஏரிகளும் சேர்ந்ததே அந்த நிலப்பரப்பு.

போகும் முன்

காலம்: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சிறந்தது. சித்திரை, வைகாசி வெயிலில் மலையேற வேண்டாம். மழை நாளில் படிகள் வழுக்கும்.

வழி: கிளாம்பாக்கத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் பேருந்துகள் செஞ்சி வழியாகப் போகும். ரயில் என்றால் திண்டிவனத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். புதுச்சேரியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர், திருவண்ணாமலையிலிருந்து சுமார் 40.

கையில்: தண்ணீர், தொப்பி, பிடிப்பான செருப்பு அல்லது ஷூ. குரங்குகள் அதிகம். உணவுப் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு ஏறாதீர்கள். ராஜகிரிக்கு ஏறி இறங்க அரை நாள் ஒதுக்குங்கள். பிற்பகலில் மேலே அனுப்பமாட்டார்கள் என்பதால் கடைசி நேரத்தைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடாதது: மதிலில் பெயர் எழுதுவது, பாட்டில் வீசுவது. கமலக்கண்ணி அம்மன் சந்நிதிக்கு வருகிறவர்கள் வழிபட வந்தவர்கள். அவர்களைப் படமெடுக்குமுன் அனுமதி கேளுங்கள்.

ராய்கட்டுக்கும் சிவனேரிக்கும் மகாராஷ்டிரக் குடும்பங்கள் குழந்தைகளைத் தோளில் சுமந்துகொண்டு ஏறுகின்றன. ஒவ்வொரு கோட்டையின் கதையும் அங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த 11 கோட்டைகளுக்கு அந்த மாநிலத்து மக்களே காவல். பன்னிரண்டாவது நம் பொறுப்பில் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். செஞ்சியில் தங்குங்கள், செஞ்சிக் கடையில் சாப்பிடுங்கள், செஞ்சி இளைஞன் ஒருவனை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். நாம் செலவிடும் அந்தப் பணமும் நேரமும் ஊர்க்காரர்களுக்குப் பயன்பட்டால்தான், கோட்டையைக் காக்க அவர்களுக்குக் காரணம் இருக்கும்.